சிவப்பு வண்டியின் ஆயில்

தருமபுரி
17.9.2025

ஆய்வக அதிகாரி அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய அம்மா,

இத்துடன் பஸ் பார்சலில் ஒரு பாட்டில் இன்ஜின் ஆயில் வருகிறது. ஓடிய ஆயில். இறக்கும்போதே புது பாட்டிலில் பிடித்து மூடியிருக்கிறேன். பாட்டிலோடு கைப்பட எழுதிய விவரமும் இருந்தால்தான் உங்கள் ஆய்வகத்தில் வாங்குவார்கள் என்று முன்பு என் மனைவி சொல்லியிருக்கிறார். அவரையே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறார். அதனால் எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

வண்டி சிவப்பு நிறச் சின்ன கார். டர்போ பெட்ரோல் இன்ஜின். அதைப் பிரித்து, பேரிங் மாற்றி, பவரைக் கூட்டிக் கட்டியவன் நான். தருமபுரி பைபாஸில் அருள் மோட்டார்ஸ் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் அமுதவல்லி. அந்தப் பெயரில் உங்கள் ஆபீஸிலேயே ஒருவர் இருப்பதாகக் கேள்வி.

போன ஞாயிறு சென்னைக்கு வெளியே ரேஸ் டிராக்கில், அவரவர் சொந்தக் காரை வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள். வண்டியை இங்கிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். ஓட்டியவர் அமுதவல்லி. நாலாவது ரவுண்டில் ஆயில் பிரஷர் லைட் எரிந்திருக்கிறது. வளைவிலேயே இன்ஜினை ஆஃப் செய்து, புல் பக்கம் ஒதுக்கி நிறுத்திவிட்டார். பின்னால் வந்த வண்டிகள் அவரை ஒட்டி ஒட்டித் தாண்டிப் போனதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு இன்ஜினை நான் ஸ்டார்ட் செய்யவில்லை. மறுபடி லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

என் சந்தேகத்தைச் சொல்கிறேன். இந்த இன்ஜினுக்கு முதலில் நான் ஊற்றிக்கொண்டிருந்தது இருபது-ஐம்பது ஆயில். கெட்டி ஆயில், சூட்டுக்கு அசையாது. போன வருஷம் இந்தத் துறையில் படித்த ஒருவர் வந்து, அதெல்லாம் பழைய காலத்துப் பழக்கம் என்று சொல்லி ஐந்து-நாற்பதுக்கு மாற்ற வைத்தார். இப்போது இறக்கிய ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தால் ரசம் மாதிரி இருக்கிறது. சூட்டில் அது நின்றதா, கைவிட்டுவிட்டதா என்று பார்த்துச் சொல்லவும்.

ஓட்டியவர் இன்ஜினை அளவுக்கு மீறி முறுக்கினாரா என்பதும் ஆயிலைப் பார்த்தால் தெரியுமா என்று எழுதவும்.

இப்படிக்கு,
மா. அருள்குமார்
உரிமையாளர், அருள் மோட்டார்ஸ்


சென்னை
20.9.2025

வாடிக்கையாளர் அருள்குமார் அவர்களுக்கு,

பாட்டில் வந்து சேர்ந்தது. மூடியில் நீங்கள் சுற்றியிருந்த டேப்பை அவிழ்க்கவே அரை நாள் ஆனது. மனிதர்களிடமும் இவ்வளவு கவனமாக நடந்துகொண்டால் நன்றாக இருக்கும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தெரியாது. ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்று ஆயில் சாட்சி சொல்லாது. ஆனால் ஓட்டியவரையே கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்காததால் நான் கேட்டேன். லைட் எரிந்த உடனே ஆஃப் செய்ததாகவும், கண்ணாடியில் பார்த்துப் பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டுத்தான் ஒதுங்கியதாகவும் சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஒரு ஆள் வேலியைத் தாண்டி ஓடிவந்தாராம். வந்து, அத்தனை பேர் முன்னாலும் சொன்னாராம்: "ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வண்டி? இனிமே நீ ஸ்டீயரிங்கைத் தொடாதே." அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

இனி ஆயில். கெட்டி ஆயில்தான் நல்ல ஆயில் என்ற நம்பிக்கையை நீங்கள் விடவே மாட்டீர்கள். இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். பாட்டிலில் இருக்கும் முதல் எண் குளிரில் அது எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே ஏறி டர்போவைத் தொட வேண்டும். உங்கள் இருபது-ஐம்பது, மாமியார் வீட்டுக்குக் கிளம்பும் மாப்பிள்ளை மாதிரி, ஆடி அசைந்துதான் போகும். அதனால்தான் மாற்றச் சொன்னேன்.

ஆனால் ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. முதல் பரிசோதனை முடிந்துவிட்டது. கொதிக்கும் தண்ணீர் அளவு சூட்டில் இந்த ஆயிலின் பாகுத்தன்மை பதினான்கு இருக்க வேண்டும். உங்கள் பாட்டிலில் ஒன்பதுகூட இல்லை. நாற்பது என்று வாங்கி ஊற்றியது இருபதாக வந்திருக்கிறது. நீங்கள் ரசம் என்று எழுதியது சரிதான்.

இது நான் தேர்ந்தெடுத்த ஆயில். அதனால் மூன்று முறை அளந்து பார்த்தேன். ஒரு ஆயில் இப்படி இளகுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சூட்டில் கெட்டியாக நிற்பதற்காக உள்ளே சேர்த்த நீளமான மூலக்கூறுகள் இன்ஜினின் அழுத்தத்தில் துண்டு துண்டாகியிருக்கலாம். அப்படியென்றால் தவறு ஆயிலுடையது, என்னுடையதும்தான். அல்லது வெளியிலிருந்து ஏதாவது கலந்திருக்கலாம். எது என்று இன்னும் தெரியவில்லை. மற்றப் பரிசோதனைகள் வரிசையில் நிற்கின்றன.

இப்படிக்கு,
அமுதவல்லி
ஆய்வக அதிகாரி


தருமபுரி
24.9.2025

அமுதா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். பார், அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள் என்று பட்டறையில் தனியாக நின்று சொல்லிக்கொண்டேன். டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை படித்தேன். அப்போதுதான் என் பழைய கணக்கு ஞாபகம் வந்தது.

இன்ஜின் கட்டும்போது சுழலும் கிராங்குக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் ஆயில் நிற்கிற இடைவெளியை, கம்பெனி சொன்னதைவிட ஒரு மயிரிழை கூடவே வைப்பேன். வேகத்துக்கு அதுதான் நல்லது. கெட்டி ஆயில் ஊற்றுகிற காலத்தில் வைத்த கணக்கு அது. நீ ஆயிலை மாற்றச் சொன்னபோது மாற்றினேன். இடைவெளியைப் பற்றி யோசிக்கவில்லை. இளகின ஆயில் அந்த இடைவெளியில் நிற்காமல் வழிந்து ஓடியிருந்தால் உலோகத்தோடு உலோகம் உரசி பேரிங்கைத் தின்றிருக்கும். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குக் காரணம் நீ இல்லை, நான்.

நம் வண்டி ஒன்றோடு போனால் பரவாயில்லை. அதே இடைவெளி, அதே ஆயிலில் இன்னும் இரண்டு இன்ஜின் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று கலைவாணன் வண்டி. அவன் ஒண்டிக்கட்டை, ரேஸுக்கு மட்டும்தான் எடுப்பான். இன்னொன்று மாதவராஜ் வண்டி. அவர் வாரா வாரம் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போய் வருகிறார். தொப்பூர் கணவாய் உனக்குத் தெரியாததா? இறக்கத்தில் இன்ஜின் இறுகி வண்டி நின்றால் பின்னால் சிமென்ட் லாரி நிற்குமா?

இரண்டு பேரையும் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பார்ட்ஸ் வர வேண்டியிருக்கிறது என்று பொய் சொன்னேன். மாதவராஜ் சிரித்துக்கொண்டே, "உங்க கை பட்ட இன்ஜின் மேல எனக்கு நம்பிக்கை இருக்குதுங்க, அது பாட்டுக்கு ஓடும்"னு சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆயிலில் உலோகத் தூள் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்று இருக்கிறதே, அதை முதலில் செய்து கொடு. இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றி நான் இன்னும் பேரிங்கைப் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே படுக்கிறேன், கை போகமாட்டேன் என்கிறது. பேரிங் போயிருந்தால் நான் இனி இன்ஜினைத் தொடமாட்டேன், அமுதா. வாட்டர் வாஷும் வீல் அலைன்மென்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

கத்தினதைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அருள்


சென்னை
28.9.2025

மாமா,

பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஈயம், தாமிரம், வெள்ளீயம், இரும்பு எல்லாம் பார்த்தாயிற்று. நன்றாக ஓடுகிற எந்த இன்ஜினிலும் இருக்கிற அளவுதான் இருக்கிறது. ரசம் மாதிரி ஆன ஆயிலிலேயே, டிராக்கில் அந்த வேகத்தில், நீங்கள் வைத்த இடைவெளி தாங்கியிருக்கிறது. இப்போது எழுந்து போய் மாதவராஜ், கலைவாணன் இரண்டு பேர் வண்டியிலும் ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இல்லையென்றால், ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இல்லையென்றால், வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

செய்துவிட்டீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

ஏன் பெட்ரோல் என்று கேட்பீர்கள். உங்கள் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை. பாட்டிலைத் திறந்த அன்றே லேசாக வாடை அடித்தது. பட்டறையில் எதைத் தொட்டாலும் அடிக்கிற வாடைதானே என்று விட்டுவிட்டேன், அது என் தப்பு. நாலு ரவுண்டு வெந்த பிறகும் இவ்வளவு மிச்சம் இருக்கிறதென்றால், லாரியில் ஏற்றும்போது எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது.

இரண்டு கேள்வி. பாட்டிலைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவினீர்களா? டிராக்குக்கு வருவதற்கு முன் ஸ்டிக்கில் ஆயில் எந்த அளவில் இருந்தது?

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆயிலே கெட்டுப்போய்விட்டது என்று வந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. பத்து வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன், சொந்தப் புருஷன் கட்டின இன்ஜினுக்குத் தப்பான ஆயிலைச் சொல்லிக் கொடுத்தேன் என்று ஆகியிருக்கும். ரிசல்ட்டைப் பார்த்ததும் பக்கத்து மேஜை பானுமதி, "என்ன, பையன் பாஸாயிட்டானா"ன்னு கேட்டாள். ஆமாம் என்றேன்.

இன்னும் உங்கள் நம்பர் தடுக்கப்பட்டுத்தான் இருக்கிறது. போனில் என்றால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன். காகிதத்தில் கத்த முடியாது. இப்படியே எழுதுங்கள்.

அமுதா


தருமபுரி
2.10.2025

அமுதா,

முதல் வரியைப் படித்ததும் பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நீ சொன்னபடியே மாதவராஜ் வீட்டுக்குப் போய், வாசலிலேயே பானட்டைத் திறந்து ஸ்டிக்கை உருவி முகர்ந்தேன். அவர் பெரிய பெண் உள்ளே ஓடி, "அம்மா, மெக்கானிக் அங்கிள் காரை மோந்து பார்க்கிறார்" என்று கத்தினாள். வாடை இல்லை. அளவும் சரி. கலைவாணன் வண்டியும் அப்படியே. இரண்டு பேரையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மாதவராஜ் அன்றைக்கே குடும்பத்தோடு சேலம் போய் வந்து, தொப்பூர் இறக்கத்தில் சும்மா வெண்ணெய் மாதிரி இறங்கியது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்த சிரிப்பில் அவருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

சம்பையும் கழற்றினேன். கை போனது. பேரிங் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதில் என் முகம் தெரிகிறது. சவரம் செய்யாத முகம்.

பாட்டில் புதுசு, கழுவவில்லை. பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தேன், ஒழுகவில்லை. ஸ்டிக்கைப் பற்றிக் கேட்டாயே, மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை இருந்தது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத இன்ஜின் என்று லாரி டிரைவரிடம்கூடப் பெருமை அடித்தேன். ஆயில் கூடுவது நல்லது இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நான் என்ன புதுசா இந்தத் தொழிலுக்கு? வெட்கமாக இருக்கிறது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. உன் மேல் கோபம் இல்லை, சும்மா கத்தினேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். பயத்தில் கத்தினேன். வளைவில் நீ நின்ற இடத்துக்கு நேராக நீல நிற வண்டி ஒன்று வந்தது. அவன் கடைசி நிமிஷத்தில்தான் திருப்பினான். அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நீ உயிரோடு இறங்கி வந்ததைப் பார்த்த பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் ஓட்டத் தெரியாதவள் என்றேன். லைட்டைப் பார்த்த பிறகும் அரை ரவுண்டு ஓட்டியிருந்தால் இந்தப் பேரிங்கில் இன்றைக்கு என் முகம் தெரியாது. இன்ஜினைக் காப்பாற்றினது நீ. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அடுத்த முறை அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் சொல்கிறேன்.

நேற்று ஆயுத பூஜை. எல்லா வண்டிக்கும் பொட்டு வைத்து மாலை போட்டோம். உன் வண்டிக்குத்தான் பெரிய மாலை. ஸ்டார்ட் செய்யவில்லை.

பெட்ரோல் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

அருள்


சென்னை
6.10.2025

மாமா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீல வண்டி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே உங்களைத் திட்ட விட்டிருப்பேன், கொஞ்ச நேரத்துக்கு. அதே ஆட்கள் முன்னால் சொல்கிறேன் என்று எழுதினீர்களே, அது போதும். சொல்ல வேண்டாம். ஆனால் சொல்வதாக எழுதினதை மறக்கமாட்டேன்.

ஆயிலின் வழக்கு முடிந்துவிட்டது. பாட்டிலில் மீதி இருந்ததைச் சூடாக்கி, பெட்ரோலை மட்டும் ஆவியாக்கி வெளியேற்றிவிட்டு மறுபடி அளந்தேன். ஒன்பதுக்குக் கீழே கிடந்தது பதிமூன்றரைக்கு ஏறிவிட்டது. புதிதாக ஊற்றும்போது இருந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டர்போ சூட்டிலும் அந்த வேகத்திலும் அது தன் கெட்டித்தனத்தை விடவில்லை மாமா. பாயசத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஜவ்வரிசியைக் குறை சொன்ன கதைதான் நம் இரண்டு பேர் கதையும். ஆயில் மேல் தப்பில்லை, உங்கள் கை மேல் தப்பில்லை, ஓட்டினவள் மேலும் தப்பில்லை.

அப்புறம் பெட்ரோல் எப்படி வந்தது? புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் புரியாமல் இருக்காது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் அது பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும். பவர் கூட்டின உங்கள் இன்ஜின் இன்னும் அதிகமாகக் குடிக்கும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து சம்புக்குள் இறங்கும். வண்டியை ஓட்டினால் ஆயில் சூடாகி, இறங்கின பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். ஓட்டாமல் ஆஃப் செய்தால் உள்ளேயே தங்கும். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் ஒன்றும் தெரியாது. இந்த அளவு தங்க வேண்டும் என்றால் நிறைய தடவை செய்திருக்க வேண்டும்.

நான் ஓசூர் கம்பெனியில் இருந்தவரைக்கும் தினமும் அந்த வண்டியில்தான் போய் வந்தேன். அப்போதெல்லாம் ஸ்டிக்கில் ஆயில் ஏறியதே இல்லை. ஜூனில் வேலை மாறி நான் இங்கே வந்த பிறகு வண்டி பட்டறையிலேயே நின்றது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். டிராக்குக்குக்கூட லாரியில்தான் வந்தது.

நேற்று அத்தைக்குப் போன் செய்தேன். உங்களை மட்டும்தான் தடுத்திருக்கிறேன், அத்தையை இல்லை. பேச்சுவாக்கில், "உன் வண்டி காத்தால கத்துற கத்துல எனக்கு ரேடியோகூடக் கேக்கறதில்ல"ன்னு சொன்னாங்க. எதுக்குக் கத்துதுன்னு கேட்டேன். "அத உன் புருசனையே கேளு"ன்னு வெச்சிட்டாங்க.

கேட்கிறேன்.

அமுதா


தருமபுரி
9.10.2025

அமுதா,

அம்மா பாதியைச் சொன்ன பிறகு மீதியை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். தினமும் ஸ்டார்ட் செய்தேன்.

பட்டறை திறக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, சூடம் ஏற்றுவேன். அன்றைக்கு முதல் சத்தம் உன் வண்டியுடையதாக இருக்கும். சூடம் அணைகிற வரைக்கும் அது ஓடியபடியே நிற்கும், பிறகு நீ ஏறி ஓசூர் ரோட்டைப் பிடிப்பாய். அப்புறம்தான் நான் மற்ற வண்டிகள் பக்கம் திரும்புவேன். கட்டின இன்ஜின்களில் முதலாவது என்பதால் அப்படி ஒரு ராசி என்று வைத்துக்கொண்டோம்.

நீ சென்னைக்குக் கிளம்பின அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் சாவியைக் கொடுத்து என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க மாமா, பேட்டரி எறங்கிடப்போவுது"ன்னு சொன்னாய். அதனால் இந்த வழக்கில் நீயும் கொஞ்சம் மாட்டுகிறாய் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் வாரம் சொன்னபடிதான் செய்தேன். ஆனால் அந்த வாரம் பூராவும் சூடம் ஏற்றிவிட்டு நிற்கும்போது பட்டறை வெறிச்சென்று இருந்தது. யாரோ ஒருத்தர் டிராக்டர் சத்தத்தில் நாள் தொடங்கியது. வேலை ஓடவில்லை. ஒரு ஆளுக்கு வீல் நட்டை இறுக்காமலே அனுப்பப் பார்த்தேன், பட்டறைப் பையன் பச்சியப்பன் பார்த்துச் சொன்னதால் பிழைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து தினமும் ஸ்டார்ட் செய்தேன். அந்தச் சத்தம் கேட்டால் நீ உள்ளே வூட்டில் தலை வாரிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். இதோ வந்து ஏறப்போகிறாய் என்று இருக்கும். சூடம் அணைந்ததும் ஆஃப் செய்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். பேட்டரிக்கு வாரம் ஒரு தடவை போதும். எனக்குப் போதவில்லை.

அப்படியே ஒரு ரவுண்டு ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் பெட்ரோல் போயிருக்கும் என்று கேட்பாய். ஓட்டவில்லை. நீ கடைசியாக இழுத்துப் போட்ட இடத்திலேயே சீட் இருக்கிறது. அதைப் பின்னால் தள்ளினால்தான் என் கால் உள்ளே போகும். தள்ள மனசு வரவில்லை. கதவைத் திறந்து, வெளியில் நின்றபடியே ஒரு காலை மட்டும் உள்ளே விட்டு கிளட்சை அழுத்தி ஸ்டார்ட் செய்வேன். அம்மா பார்த்துவிட்டு, ஊரில் எவனாவது இப்படிக் காருக்குக் கூத்துக் கட்டுவானா என்று சிரிப்பார்.

இன்ஜின் கட்டத் தெரிந்தவன் செய்கிற வேலை இல்லை இது. ஆயில் ஸ்டிக் ஏறுவதைப் பார்த்தும் உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. எனக்காக நான் செய்த காரியம் உன்னை வளைவில் நிறுத்தியது.

அருள்


சென்னை
13.10.2025

மாமா,

உங்கள் கடிதத்தை மதிய சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. பானுமதி என் தட்டிலிருந்த பொரியலையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். ரிசல்ட் வந்துவிட்டது என்றேன்.

பேட்டரியைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டார்ட் செய்தால் ஓட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயில் ஆய்வகத்தில் இருக்கிறவள் சொல்லியிருக்க வேண்டும். சாவியைக் கொடுக்கிற அவசரத்தில் பஸ் கிளம்பிவிடுமே என்ற கவலைதான் இருந்தது. இல்லை, அதுவும் பொய். இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அதனால் பேட்டரியோடு நிறுத்திக்கொண்டேன். ஆகவே நானும் வழக்கில் மாட்டிக்கொள்கிறேன், சந்தோஷமாக.

வளைவில் என்னை நிறுத்தியது உங்கள் காரியம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இனி எழுதாதீர்கள். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, இன்ஜினுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாதவராஜ் குழந்தைகள் தொப்பூரில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒரு மாதத்தில் இன்றைக்குத்தான் நான் முழு மூச்சு விடுகிறேன், நீங்களும் விடுங்கள்.

உங்கள் பாட்டிலுக்கு ஆய்வகத்தின் முறைப்படி முடிவு எழுத வேண்டும். ஆயில் நன்றாக இருக்கிறது, இன்ஜின் அதைவிட நன்றாக இருக்கிறது, இதைக் கட்டியவரை மட்டும் தனியாக விடக் கூடாது என்று எழுதலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதைப் போனில் சொல்ல வேண்டாம் என்று எழுதுகிறேன். தீபாவளிக்கு லீவு சொல்லியாயிற்று. சனிக்கிழமை பகல் ரயிலில் மொரப்பூரில் இறங்குகிறேன். சம்பை மாட்டி, புது ஆயில் ஊற்றி, நம் வண்டியிலேயே வாருங்கள். அதே ஐந்து-நாற்பது, வேறு எதையாவது ஊற்றினால் எனக்கு வாடையிலேயே தெரிந்துவிடும். தருமபுரியிலிருந்து மொரப்பூர் வந்து சேர்வதற்குள் ஆயில் நன்றாகச் சூடாகிவிடும், அதற்கு அந்தத் தூரம் போதும். தீபாவளிக்குப் பிறகும் வாரம் ஒரு தடவை வருகிறேன், தொப்பூர் வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன். போதாது என்று இப்போதே எழுத ஆரம்பிக்காதீர்கள், பார்க்கலாம்.

அன்றைக்குக் காலையில் வழக்கம்போல சூடம் ஏற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். அது அணைந்ததும் ஆஃப் செய்யாமல் உள்ளே ஏறி உட்காருங்கள். சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள் மாமா. திரும்பும்போது நான்தான் ஓட்டப்போகிறேன், அப்போது முன்னால் இழுத்துக்கொள்கிறேன்.

அமுதா